கையில் தூக்கி வந்த செருப்பு

ராஜபாளையத்தில் உரக்கடை மாடியில் சிவரஞ்சனியின் மனநல ஆலோசனை மையம் திறந்து அரைமணி நேரமாகிறது. வெட்டிய ரிப்பன் வாசலில் இன்னும் ஆடுகிறது. உளவியல் படித்துவிட்டு வந்தவளுக்கு அப்பா கொடுத்திருக்கும் கெடு ஒரு மாதம். அதற்குள் ஒருவரும் வராவிட்டால் போலீஸ் தேர்வு எழுதியாக வேண்டும். ரிப்பன் வெட்டிய ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பாண்டிதுரை, "நம்மூர்க்காரன் மனசு இரும்புய்யா! இங்க எவன் வரப்போறான்?" என்று மைக்கில் முழங்கி, கைதட்டலும் கேசரியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். "ஏட்டி, போலீஸுக்கே எழுதிரு. அம்புட்டுப் பேரும் கேசரிக்குத்தான் வந்தாவ" என்று நாற்காலிகளை மடக்குகிறாள் தோழி நாகஜோதி. மாடிப்படியில் கனத்த காலடி ஏறுகிறது, பாதியில் நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. பாண்டிதுரைதான். பொன்னாடை கழுத்திலேயே கிடக்கிறது. வாசலில் கிடந்தால் யாருடையது என்று ஊரே சொல்லிவிடும் அந்தப் பெரிய தோல் செருப்பை, கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். "எதையாச்சும் மறந்துட்டியளாய்யா?" என்கிறாள் சிவரஞ்சனி. "இல்லத்தா." மைக் இல்லாத குரல், எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறது. "செத்த நேரம் பேசணும். ரெண்டு வருசமாத் தூக்கமில்ல." நாகஜோதி கேசரிச் சட்டியோடு நழுவிக் கதவைச் சாத்துகிறாள். ஜன்னல் வெயில் மேசைமேல் பளீரென்று விழுகிறது. சிவரஞ்சனிக்கு நெஞ்சுக்குள் கொட்டுமேளம். முகத்தை மட்டும் பாடத்தில் படித்ததுபோல் அமைதியாக வைத்துக்கொள்ளப் படாதபாடு படுகிறாள். செருப்பை வாங்கி, மேசைக்கடியில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறாள். "உக்காருங்கய்யா" என்கிறாள். இரும்பு, மெதுவாக உட்காருகிறது.