பிடித்தவர் பெயர்

"தம்பி, என் கோடிங்ல கை வச்சீங்களா?"

ஆபீசில் எல்லோரும் சிடுமூஞ்சி என்று அழைக்கும் அந்த இளைஞன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாக்கா. நேத்து."

"ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"வேலை இருக்குக்கா. அப்புறம் பேசலாம்."

கேட்டவள் தன் இருக்கைக்குத் திரும்பினாள். கணவரின் சிகிச்சைக்காக இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, வேலைக்குத் திரும்பி நாற்பத்தோரு நாள்தான் ஆகிறது. இவள் கோடிங் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி அதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தது. வீட்டில் இப்போது இவள் சம்பளம் மட்டும்தான்.

மேலாளர் போன வாரமே சொல்லிவிட்டார். "இனிமே எந்த எரர் வந்தாலும் யாரோடதுன்னு பேர் விழணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லிஸ்ட். பத்தைத் தாண்டினவங்க வேற இடம் பாத்துக்கலாம்."

பெயர் விழும் ஏற்பாட்டைச் செய்தவனே இந்தச் சிடுமூஞ்சிதான்.

இவள் எழுதிய ஒன்பது கோப்புகளிலும் அவன் மேலே இரண்டு வரி, கீழே மூன்று வரி சேர்த்திருந்தான். என்னவென்று இவளுக்குப் பிடிபடவில்லை.

பக்கத்து இருக்கைக்காரி கிசுகிசுத்தாள். "அவன் எரரை எல்லாம் உங்க தலையில கட்டறான்க்கா. விடாதீங்க."

இவள் மேலாளருக்குப் புகார் எழுதினாள். லிஸ்ட் வந்ததும் அனுப்பத் தயாராக வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, நாலு மணி. பெரிய திரையில் பெயர்கள் வந்தன.

பக்கத்து இருக்கைக்காரி, நான்கு.

இவள், பூஜ்யம்.

சிடுமூஞ்சி, பதினாறு.

"என்னப்பா, ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிக் குடுத்துட்டு உன் மூஞ்சியக் கழுவ மறந்துட்டியா?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நீயா இருக்கறதால வேலையில விட்டு வைக்கறேன். உனக்கு வரவேண்டிய டீம் லீடர் பதவிய அடுத்த வருஷம் பாப்போம்."

"சரி சார்" என்று உட்கார்ந்தான் சிடுமூஞ்சி.

இவள் இருக்கைக்கு வந்தாள். அவனிடமிருந்து ஒரு மெயில். பதினான்கு பிழைகள், கோப்பின் பெயரும் வரி எண்ணும் போட்டு. ஒன்று விடாமல் எண்ணினாள். பதினான்கும் இவள் எழுதியவை.

கீழே நான்கு வரி இருந்தது.

"அக்கா, எரரை யார் எழுதினாங்கன்னு இல்ல, யாரோட வரி பிடிக்குதோ அவங்க பேர்தான் விழும். அதான் உங்க கோடிங்கைச் சுத்தி அந்த அஞ்சு வரியில என் வலையைப் போட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் எடுத்துடுவேன். அதுக்குள்ள திருத்திடுங்க."