இரண்டு சாய்கோடுகள்
விடத்தல்தீவில் அஸர் தொழுகைக்கான பாங்குக்கு முந்திய பிற்பகல் வெயில் அஸீபாவின் மடிக்கணினியில் விழுகிறது. சி மொழி நிரல்கள் முதலில் படிக்கும் தலைப்புக் கோப்பை அவள் திருத்துகிறாள். யாரோ புதிதாகச் சேர்த்த குறிப்பு இரண்டு சாய்கோடுகளுடன் தொடங்குகிறது. நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் பழையதென்றால் அதிலேயே நின்றுவிடும். "ரெண்டு கோட்டோடயோ இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுறீர்?" மீன் ஆய்ந்தபடி கணவன் றினாஸ் சிரிக்கிறான். "சிரிக்காதேங்கோ. தம்பி ரிஸ்கான் வேலை செய்யிற கப்பலில இருக்கிற கம்பைலர் பழசு. அதுக்கு இது விளங்காது." கோடுகளை அழித்து, குறிப்பின் இருபுறமும் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்ந்த பழைய குறிகளை இட்டு, பழைய கம்பைலரில் ஓட்டிப் பார்க்கிறாள். திரையில் ஒரு சொல்லும் வரவில்லை. பிழை இல்லாவிட்டால் அது பேசாது. "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறாள். நாற்பது நாளாகத் தம்பியிடமிருந்தும் ஒரு சொல் இல்லை. வெற்றுத் திரையை மூடாமல் கடலைப் பார்க்கிறாள். "அதுவும் நல்ல சேதிதானே, யா அல்லாஹ்?"