கை தெரியும் படம்

அந்தக் கையை மட்டும் அவனால் நீக்க முடியவில்லை.

பெயரை நீக்குவது சுலபமாக இருந்தது. ‘நாங்கள்’ என்றிருந்த இடமெல்லாம் ‘நான்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் அது ‘I’ என்ற ஒற்றைக் கோடுதானே. பக்கம் நெடுக வேலிக்கம்பு நட்டதுபோல் நின்றது.

பதினொரு கம்பு. எண்ணிப் பார்த்தான்.

கைதான் போகமாட்டேன் என்றது.

டிசைன் படிப்பு முடிந்து மூன்று மாதம். பெங்களூர் நிறுவனம் ஒன்று ஒரே ஓர் ஆளை எடுக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் சொந்த இணையதளத்தின் முகவரியை அனுப்பிவிட வேண்டும்.

தளம் தயார். முகப்பில் அவன் சிரிக்கிறான். கீழே நான்கு வேலைகள். முதல் மூன்றும் ஊரில் எல்லா டிசைன் மாணவர்களும் செய்கிறவை. காபித்தூள் பொட்டலம் இல்லாத தளம் உண்டா என்ன? நாலாவதில்தான் சரக்கு இருந்தது.

மாத்திரை உறை.

காலை மாத்திரையா, மதியமா, இரவா என்று கண் மங்கியவர்கள் தடவியே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகக் காகித உறையின் விளிம்பில் சிறு சிறு வெட்டுகள். கடைசி வருடம் ஜெர்லினும் அவனும் சேர்ந்து செய்தது.

படத்தில் ஒரு கை உறையைப் பிடித்திருக்கிறது. கட்டைவிரல் வெட்டின்மேல் நிற்கிறது. அந்தக் கையை எடுத்துவிட்டால் அது வெறும் மருந்துக்கடைக் கவர்.

கை ஜெர்லினுடையது. ஆள்காட்டி விரலில் கட்டர் கத்தி இழுத்த தழும்பு. நாற்பது உறைகளை வெட்டியதில் கிடைத்தது. தொழில் தெரிந்தவர் யாரும் வெட்டியது யார் என்று கேட்கமாட்டார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டியதில்லை.

காலை பத்து மணிக்கே அவளிடமிருந்து வாட்ஸப் வந்திருந்தது. அவன் திறக்கவில்லை. திறந்தால் நீல டிக் விழும். போனின் மேலே தெரிந்த வரிகளே போதுமாக இருந்தன.

“நானும் அந்த வேலைக்கு அப்ளை பண்ணுதேன்ல. அந்தக் கை படத்த அனுப்புதியா? எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல.”

படங்கள் எல்லாம் அவன் லேப்டாப்பில்தான் இருந்தன. எடுத்தவன் அவன்.

மணி மூன்று.

அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். இதுவும் தவறினால் சித்தப்பாவின் பிளக்ஸ் கடையில் உட்கார்ந்து பிறந்தநாள் பேனருக்கு முகம் வெட்டி ஒட்ட வேண்டியதுதான். பயந்தவன்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பான்.

தன் கையை வைத்து எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

அலமாரியில் மூன்று உறைகள் மிச்சம் இருந்தன. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

படம் வந்தது. பஸ் டிக்கெட்டைப் பிடித்திருப்பவன் கைபோல் இருந்தது.

இன்னொன்று எடுத்தார்கள். அதுவும் அப்படித்தான்.

“கண்ண மூடிட்டுத் தடவுல,” என்றாள் அம்மா. “அப்பதான நெசமா இருக்கும்.”

மூடினான்.

கட்டைவிரல் மேல் விளிம்பில் போயிற்று. ஒன்றும் இல்லை. வலது பக்கம் இறங்கியது. மூலையைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

வெட்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

உறையின் ஒட்டிய பக்கம் உள்ளங்கையில் பட வேண்டும். அப்படிப் பிடித்தால்தான் கட்டைவிரல் நேரே வெட்டில் போய் நிற்கும். கையில் ஒரு முறை வைத்துக் காட்டினால் போதும், அதன்பின் யாருக்கும் மறக்காது. இதைக் கண்டுபிடிக்க ஜெர்லின் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். மருந்து வாங்க வந்தவர்கள் கையிலெல்லாம் வைத்துக் காட்டினாள்.

அவன் கேமராவுக்குப் பின்னால் நின்றான். அவன் கையில் யாரும் வைத்துக் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

“ஏல, இத நீதான செஞ்ச?”

அம்மா கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. இவ்வளவு வெட்கமாக அவனுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

பிறகு போனை வாங்கி ஜெர்லின் அனுப்பியதைத் திறந்தான். நீல டிக் விழுந்தது. கை தெரியும் படத்தை அனுப்பினான். அதோடு மற்ற பதினாறு படங்களையும் அனுப்பினான். ஏன் இவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு வரி எழுதினான். அழித்துவிட்டான்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

“தேங்க்ஸ்ல. படம் எடுத்தது நீன்னு காலையிலேயே உன் பேரப் போட்டுட்டேன். படத்துக்குத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அதை இரண்டு தடவை படித்தான்.

காலையிலிருந்து அவளுடைய தளத்தில் அவன் பெயர் மட்டும் இருந்திருக்கிறது, மேலே படத்துக்கு விட்ட வெற்றிடத்தோடு.

அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள். அவன் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து ‘நான்’ என்ற கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஜெர்லின் பெயரை மேலே எழுதினான். ‘என் பங்கு’ என்ற தலைப்பின் கீழ் கடைசியில் ஒரு சொல்தான் மிஞ்சியது.

படங்கள்.

ஒற்றைச் சொல்லோடு அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. வேறு ஏதாவது சேர்க்கலாமா என்று யோசித்தான். சேர்க்க ஒன்றும் இல்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முகவரியை அனுப்பினான்.