பரம்பரைக் கரணம்

“இருளப்பா, இந்தக் கரணம் போடுற வித்தையை யாருகிட்ட கத்துக்கிட்ட? உன் குடும்ப வரலாற்றையே கேட்டுட்டு வரச் சொல்லிட்டாரு ஜப்பான் துரை!”

தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மைக்கேல்ராஜைக் கண்டதும், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இருளப்பன் பதறி எழ முயன்று, இயலாமல் மீண்டும் அமர்ந்தான். அருகில் அவன் மனைவி தங்கம்மா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

தேயிலைத் தோட்டத்து ஆண்கள் அனைவரும் விடியற்காலையில் அணிவகுத்து உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது ஜப்பானியர் ஆணை. வராதவர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். போனவர் எவரும் திரும்பியதில்லை. நேற்றைய பனிமூட்டத்தில் அடுக்கடுக்காக விழுந்த கரணங்களைக் கண்டு மகிழ்ந்த ஜப்பான் துரை, இருளப்பனே சாம்பியன் என்று அறிவித்திருந்தார்.

“ரத்தத்துலயே ஊறினதுங்க, கிராணி ஐயா. எங்க மாமனாரு ஊர்ல பெரிய சர்க்கஸ்காரருலா.”

“மாமனாரு ரத்தம் உனக்கு எப்படிப்பா வரும்?”

இருளப்பன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

“அவரு இவருக்குத் தாய்மாமனுமாச்சேங்க!” என்று தங்கம்மா சட்டென்று கைகொடுத்தாள்.

“அப்படிச் சொல்லு! சரி, முழங்கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு?”

“கடைசிக் கரணத்துல கொஞ்சம் பிசகிடுச்சுங்க ஐயா.”

“பிசகிச்சா? யாரு சொன்னா? ஆணி அடிச்ச மாதிரில்ல வந்து நின்னது!” என்று தங்கம்மா சீறினாள்.

“பொம்பளைங்களுக்கு அங்க அனுமதியே இல்லையே. நீ எப்பம்மா பாத்த?”

தங்கம்மா கிழங்கின் மீது பார்வையைத் தாழ்த்தினாள். “இவருதாங்க சொன்னாரு.”

கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்லது. ரிங்லெட் டவுனுலருந்து ஜப்பான் பெரிய துரை மோட்டார்ல வந்துக்கிட்டிருக்காரு. அவரு முன்னால இப்பவே ஒரு தடவை போட்டுக் காட்டணும். போட்டா இங்கயே பயிற்சி ஆசான் வேலை. போடலைன்னா சயாம்தான்லா.”

இருளப்பனின் முகம் வெளிறியது. “துணி மாத்திக்கிட்டு வரலாமுங்களா?”

“வரலாம், வரலாம்.”

கிராணி படியிறங்கினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பி, குரலைத் தாழ்த்தி மிகவும் பணிவோடு கூறினார்:

“தங்கம்மா, இன்னிக்காவது கரியை நல்லா அழுத்தி மீசை வரைஞ்சுக்கம்மா. நேத்து நீ கடைசிக் கரணம் போட்டு நிமிர்ந்தப்ப, பாதி மீசையைக் காணோம்!”