இடுப்புத் துண்டு

துண்டை இடுப்பில் கட்டச் சொன்னார்கள்.

அவர் கட்டவில்லை.

பிரித்தார். உதறினார். தோளில் போட்டுக்கொண்டார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிவப்புத் துண்டு. ஹோட்டல் வாசலில் நின்று கதவு திறந்துவிடுகிறவருக்கு இதுதான் சீருடை. தஞ்சாவூரில் இருபது வருடம் வௌவால் அடைந்து கிடந்த மிராசுதார் மாளிகை அது. இரண்டு வருடம் பழுதுபார்த்து, பளபளவென்று ஆக்கி, இன்று காலை திறப்பு விழா.

வரவேற்பறைச் சுவரில் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் மிராசுதார். ஓரமாக எட்டுப் பேர், இடுப்பில் துண்டோடு. பெங்களூரிலிருந்து வந்து சீருடை வரைந்து கொடுத்த அம்மாள் அதைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டாராம். பெல்ட் மாதிரி எவ்வளவு அழகு என்றாராம்.

அழகாம் அழகு!

எட்டுப் பேரின் முதுகும் வளைந்திருப்பது அந்தம்மாள் கண்ணில் படவே இல்லை.

வாசலில் நிற்கிற இவருக்குத் தெரியும். வயலில் அப்பாவின் துண்டு தோளில்தான் கிடக்கும். வரப்பு முனையில் பண்ணையாரின் வில்வண்டிச் சலங்கை கேட்டதோ இல்லையோ, இடுப்புக்கு இறங்கிவிடும். பண்ணையார் முன்னால் நிற்கிறவன் தோளில் துண்டு இருக்கக் கூடாது. அப்படி நாற்பது வருடம்.

கடைசியில் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பார்க்க வந்த டாக்டர் இருபத்தைந்து வயதுப் பெண். அவளைக் கண்டதும் அப்பாவின் கை தோளைத் தடவியது.

அங்கே துண்டே இல்லை. இருந்தும் தடவியது.

அன்றைக்கு வந்த ஆத்திரம் இவருக்கு இன்னும் அடங்கவில்லை.

மேலாளர் சுதர்சன் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். முப்பது வயது. விழா என்பதால் அவரும் இன்று வேட்டி சட்டைதான்.

"என்னண்ணே இது? கட்டுங்க சீக்கிரம். அஞ்சு நிமிஷத்துல பெரியவர் வந்துருவாரு. முடியாதுன்னா இப்பவே சீருடைய கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடைத்த வேலை. போனால் போகிறது என்று விட முடியாது. இருந்தும் துண்டைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கட்ட மாட்டேன் தம்பி. வேலைய வேணா எடுத்துக்குங்க."

சுதர்சன் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெறும் துணிண்ணே! இதுல என்ன இருக்கு? இங்க பாருங்க."

மேசையில் மிச்சமிருந்த துண்டு ஒன்றை எடுத்தார். தன் இடுப்பில் சுற்றி இழுத்து முடிந்தார். நன்றாகத்தான் முடிந்தார்.

கார் வந்து நின்றது.

இறங்கியவர் படத்திலிருக்கும் மிராசுதாரின் மகன். எண்பத்தைந்து வயது. வெளிநாட்டில் இருந்தபடியே மாளிகையைக் குத்தகைக்கு விட்டவர். ஹோட்டலில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை.

படியில் நின்ற இருவரையும் பார்த்தார். முகத்தை அல்ல.

தோளில் துண்டு போட்டவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்க, வாங்க. சௌக்கியமா இருக்கீங்களா?"

பிறகு மேலாளரின் இடுப்பைப் பார்த்தார்.

"ஏய், பெட்டிய எடுடா."

சுதர்சனின் முகம் சுண்டிப்போனது. என்ன கூத்து பாருங்கள், முதுகு லேசாக வளைந்துகூட விட்டது.

இவர் நிமிர்ந்தபடியே வணக்கம் சொன்னார்.

"சௌக்கியந்தாங்க. உள்ள வாங்க."

பெட்டியை இவரே தூக்கினார். அது இவர் வேலை. அதில் ஒரு குறைச்சலும் இல்லை. துண்டு தோளைவிட்டு நழுவவில்லை.

வாசல் நிலையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார்.

சுதர்சன் படியிலேயே நின்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவசரத்தில் அது இன்னும் இறுகிக்கொண்டது.