தளபதியின் முதல் பனிக்காலம்

அத்தான் டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எங்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார்.

கம்பெனி கம்பெனியாகப் போய்த் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். எங்காவது மூன்று பேர் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தால் அவரால் உட்கார முடியாது.

அன்றைக்கு மாட்டிய மூன்று பேர் அக்கா, அம்மா, நான்.

பந்தயம் பின்னறைக்கு. காலியாகக் கிடக்கும் அந்த அறையை ஆபீஸாக்க வேண்டும் என்பது அத்தானின் திட்டம். கதவில் மாட்டப் பெயர்ப்பலகைகூடச் செய்து வந்துவிட்டது.

அம்மாவுக்கு அந்த அறையின் ஜன்னல் வெளிச்சம் வேண்டும். மகள் வீட்டோடு வந்து தங்கிய நாளாக அம்மாவின் தையல் மெஷின் நடைவழியில் கிடந்து, போகிறவர் வருகிறவர் முழங்காலையெல்லாம் பதம் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமியாரிடம் அறையைப் பிடுங்கினார் என்ற பெயர் வரக் கூடாதல்லவா? அத்தானே பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். வீடியோ கேம்.

இரண்டு பேரும் ஒரே பனிக்காட்டில் இறங்கி ஊர் கட்ட வேண்டும். முதல் நெருப்பை மூட்டுகிறவர் ஊர்த்தலைவர். ஊரைச் சாகவிடாமல் பனிக்காலத்தைத் தாண்டுகிற தலைவருக்குப் பின்னறை.

அம்மா அதுவரை ஆடிய ஒரே விளையாட்டு பல்லாங்குழி என்பது அவருக்குத் தெரியும். பெருந்தன்மை அங்கிருந்துதான் வந்தது.

திரை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிந்தது. இடது பாதி அவருக்கு, வலது பாதி அம்மாவுக்கு.

"அத்தை, இதைச் சும்மா கையில பிடிச்சுக்கிட்டு உட்காருங்க" என்று கன்ட்ரோலரைக் கொடுத்தார். அம்மா அதைப் பட்டாணி உரிக்க வாங்குவதுபோல வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்தத் தொழில்காரனா ஆரம்பிக்கிறோம்கிறதுலதான் எல்லாமே இருக்கு. அவசரப்பட்டு எதையும் அமுக்கிடாதீங்க. நான் பேசும்போது யாரும் குறுக்கே பேசவும் வேண்டாம்."

அம்மா "ம்" என்றாள்.

அத்தான் திரும்பி, தன் பாதியில் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் எங்கள் பக்கம் திரும்பி விளக்கம்.

விறகுவெட்டியா? தொலைநோக்கு கிடையாது, மரத்துக்கு அப்பால் பார்க்கமாட்டான்.

விவசாயி? வானத்தைப் பார்த்தே காலத்தைக் கழிப்பவன்.

மருத்துவர்? ஊரில் எவனாவது படுத்தால்தான் அவருக்கு மரியாதை.

தச்சர் மட்டும் கொஞ்சம் தேறினார். சொன்னதைச் செய்வார்.

"ஆனா, சொல்றதுக்கு யாரு?" என்று கேட்டு நிறுத்தினார் அத்தான். கம்பெனிகளில் இந்த இடத்தில் கை தட்டுவார்கள் போலிருக்கிறது.

அம்மா என்னிடம் கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்லிப் போட்டுக்கொண்டாள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

மாமியாருக்கே ஆர்வம் வந்துவிட்டது என்று அத்தான் குரலை ஒரு படி ஏற்றினார். அக்கா குஷனை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கடைசியில் தளபதி வந்தார். தோளில் சிவப்புப் போர்வை, இடுப்பில் வாள், எங்கேயோ தூரத்தில் பார்வை. அத்தானின் விசிட்டிங் கார்டில் இருக்கும் அதே பார்வை.

"அடியில பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்கே அத்தான், படிக்கலியா?" என்றேன்.

"பொடி எழுத்தெல்லாம் படிக்கிறவன் தலைவன் ஆகமாட்டான்டா" என்று பட்டனை அமுக்கினார்.

இடது பாதி வெள்ளையானது. பனிப்புயல். தளபதி நெஞ்சை நிமிர்த்தியபடி, முதல் நெருப்பை மூட்ட இடம் தேடி நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு மதில் குறுக்கிட்டது. நல்ல பருத்த மரங்களால் ஆன மதில். அதற்கு மேலே புகை.

"இதென்னடா, யாரோ முன்னாடியே கட்டி வச்சிருக்கான்?"

அப்போதுதான் அவர் முதன்முறையாக வலது பாதியைப் பார்த்தார்.

அங்கே வரிசையாக வீடுகள். ஒரு கிணறு, ஒரு தானியக் கிடங்கு. நடுவில் பெரிய நெருப்பு, அதைச் சுற்றிக் கைகளைக் காட்டிக் குளிர்காயும் ஜனங்கள். மேலே ஓரத்தில் 'இரண்டாம் பனிக்காலம்' என்று எழுதியிருந்தது.

அத்தான் எங்களைப் பார்த்தார். நாங்கள் என்ன செய்வோம்? குறுக்கே பேச வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான்.

"நீங்க கையில குடுத்ததுமே எதுலயோ விரல் பட்டு விறகுவெட்டி வந்துட்டான் மாப்பிள்ளை" என்றாள் அம்மா, பாத்திரத்தைக் கீழே போட்டவள் குரலில். "சும்மா நிக்கிறானேன்னு ரெண்டு மரம் வெட்டச் சொன்னேன். குளிரா இருக்கேன்னு பத்த வச்சேன். அதைப் பார்த்துட்டு ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சுட்டாங்க."

அவளுடைய பாதியில் ஒரு கட்டம் எழும்பி நின்றது. அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வாசல்ல ஒரு தளபதி நிக்கிறாராம். கைத்தொழில் எதுவும் தெரியாதாம். ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாராம்."

இடது பாதியில் சிவப்புப் போர்வை பாதிக்கு மேல் வெள்ளையாகிவிட்டது. தளபதியின் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது.

"உள்ள விடணும்னா அவருக்கு என்ன வேலை குடுக்கறதுன்னு கேக்குது" என்றாள் அம்மா, நிஜமான கவலையோடு. "என்ன போடட்டும் மாப்பிள்ளை?"

அத்தான் தளபதியைப் பார்த்தார். பின்னறைக் கதவைப் பார்த்தார். பிறகு நடைவழியைப் பார்த்தார்.

"சுமை தூக்கறவன்னு போடுங்க அத்தை."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்த் தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தைப் பிடிக்க நான் போய்ச் சேர்வதற்குள், தூக்குவதில் மூன்று முறைகள் உண்டு என்று ஆரம்பித்திருந்தார்.