கணக்கு அக்கா

“அந்தப் பொண்ணு பாடம் சொல்லிக் கொடுக்க வருதா, தூங்க வருதா? நீங்களே கேட்டுச் சொல்லுங்க டீச்சர்.”

தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன விரல்கள். மகள் இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு; பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

“முதல்ல உக்காருங்க.”

“உக்கார நேரமில்லை. கூட வேலை செய்யறவளை என் இடத்துல நிக்க வெச்சுட்டு ஓடி வந்திருக்கேன். பரிட்சை நெருங்குது. இவ இந்தத் தடவையும் கணக்குல கோட்டை விட்டா, ‘படிச்சுக் கிழிச்சது போதும், உன்கூடவே துணி அலசக் கூட்டிட்டுப் போ’ன்னு அவ அப்பா சொல்லிட்டாரு. சொன்னா செய்யற மனுஷன்.”

“உங்க பொண்ணு ஸ்கூலே வேண்டாம்னு நின்னப்ப, திரும்பக் கூட்டிட்டு வந்தது அந்தப் பொண்ணுதானே?”

அது உண்மைதான்.

படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் துணையாக, பக்கத்துக் கல்லூரியிலிருந்து மாணவிகளை அனுப்புவார்கள். அப்படி வந்தவள்தான் அந்தப் பெண். வீட்டில் அவளுக்குக் ‘கணக்கு அக்கா’ என்று பெயர்.

கணக்கில் மறுபடி தோற்றதும் மகள் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டாள். அப்பா திட்டிப் பார்த்தார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கணக்கு அக்கா மட்டும் தினமும் வந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பாடத்தின் பேச்சையே எடுக்காமல், வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போனாள். ஒருநாள் போர்வைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் மகள் புத்தகப் பையைத் தூக்கினாள்.

“அப்ப நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர், நான் இல்லேங்கலை. இப்பதான் சரியில்லை. வந்ததும் ‘இதைப் போடு’ன்னு நாலு கணக்கைக் காட்டிட்டு சுவத்துல சாஞ்சுடுது. குடுக்கற ரொட்டியை மட்டும் ஒரு துணுக்கு விடாம தின்னுடுது. கேட்டா அசதியாம். படிக்கற பிள்ளைக்கு என்ன அசதி? ராத்திரி பூரா போன்ல யார்கூடயாவது பேசிக்கிட்டு இருக்கும். வயசு அப்படி.”

“வேற பொண்ணை அனுப்பச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க டீச்சர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

தலைமையாசிரியை கல்லூரிக்குப் போன் போட்டார். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“எந்தப் பொண்ணு மேடம்? ஓ, அதுவா... அது இப்ப எங்க காலேஜ்லயே இல்லையே.”

“இல்லையா?”

“வராம நின்னு ரொம்ப நாளாச்சு. பரிட்சையும் எழுதலை. பேரை எடுத்துட்டோம்.”

“என்ன ஆச்சாம்?”

“தெரியலை மேடம். யாரும் விசாரிக்கலை. எத்தனையோ பிள்ளைங்க வருது, போகுது.”

“திரும்பச் சேத்துக்க வழி இருக்கா?”

“இல்லை மேடம். அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. ஐயையோ, உங்க பக்கமும் வேற பொண்ணை அனுப்பியிருக்கணுமே, அடியோட மறந்துபோச்சு! அப்ப இத்தனை நாளா அந்தக் குழந்தைக்கு யாருமே வரலையா?”

தலைமையாசிரியை எதிரே நின்றவளைப் பார்த்தார்.

“வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க” என்று சொல்லிப் போனை வைத்தார்.

சலவைக்கூடத்துக்குப் போகாமல் அவள் நேரே வீட்டுக்கு நடந்தாள். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே கணக்கு அக்கா சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

“சத்தம் போடாதம்மா. ராத்திரியெல்லாம் குடோன்ல பெட்டி தூக்கிட்டு வந்திருக்காங்க.”

“பெட்டியா?”

“அவங்கப்பா மாடியிலேர்ந்து விழுந்துட்டாரும்மா. எழுந்திரிக்க முடியாது. வேலைக்குப் போக வீட்டுல வேற ஆளில்லை. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

பேச்சுச் சத்தத்தில் கணக்கு அக்கா பதறி எழுந்தாள். வாயோரம் துடைத்துக்கொண்டு புத்தகத்தை இழுத்தாள்.

“மன்னிச்சுக்குங்கம்மா, கண் அசந்துட்டேன். இவ எல்லாத்தையும் சரியாப் போட்டுட்டா. நிச்சயமாப் பாஸாயிடுவா, பயப்படாதீங்க.”

அம்மா அப்படியே அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“காலேஜுக்கே போகலைன்னு ஆனப்புறம் உனக்கு என்னம்மா தலையெழுத்து, இங்க வந்து அல்லாடணும்னு?”

கணக்கு அக்கா மகளை முறைத்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நானும் இவளைப் பாதியில விட்டுட்டுப் போனா இவ மனசு விட்டுடுவாம்மா. அதான்...”

“இவளைத் தேடி நீ வந்தே. உன்னைத் தேடி அங்கேர்ந்து ஒருத்தர்கூடவா வரலை?”

“வருவாங்கம்மா” என்றாள் அவள். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட வந்தது. “நான் நிக்கப்போறேன்னு யார்கிட்டயும் சொல்லலையே, பேரு இன்னும் அங்கதானே இருக்கும்? ஏன் வரலைன்னு யாராவது ஒரு வார்த்தை கேட்டாப் போதும். மறுநாளே போயிடுவேன்.”